இருபத்து நான்கு மாதம்

அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதல் நாளிலிருந்து காத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கவே போவதில்லை என்று பிறகுதான் புரிந்தது.

என் வேலை, இயந்திரங்களோடு பெட்டியில் போட்டுத் தரும் கையேட்டை எழுதுவது. ஆமாம், யாரும் படிக்காத அந்தப் புத்தகம்தான். பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலோடு சேர்த்து ஓரமாகத் தள்ளுவீர்களே, அதை எழுதுவதற்கும் ஒரு ஜென்மம் எங்கேயோ முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கிறது. பதினோரு வருடம் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எழுதினேன். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது சேர்ந்திருக்கும் இடத்தில் செய்வது வேறு சமாச்சாரம்: எழுந்திருக்க முடியாத நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும் இயந்திரம். சக்கரம் வைத்த இரும்புக் கால், மேலே நீண்ட ஒரு கை, அதன் நுனியில் கொக்கிகள், கொக்கியில் மாட்ட அகலமான துணிப்பட்டை. பட்டையை ஆளுக்கு அடியில் செருகி, கொக்கியில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் எவ்வளவு கனமான மனிதரும் அலுங்காமல் மேலே வருவார்.

வேலைக்கான நேர்முகத்தில் இந்த இயந்திரத்தைக் காட்டியபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் மலை மாதிரி இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தினமும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அவரை என் தம்பிதான் கட்டித் தூக்குவான். அம்மா கால்களைப் பிடித்துக்கொள்வாள். தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் வீட்டில் இரண்டு பேர் படுக்கையில் இருப்பார்கள் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

சேர்ந்த இரண்டாவது வாரமே இந்த இயந்திரத்தின் கையேட்டை என் தலையில் கட்டினார்கள். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பலாம். அதனால் வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

எச்சரிக்கைப் பக்கம்தான் சுலபமாக வந்தது. பதினோரு வருடப் பழக்கம், கை தானாக ஓடியது. ‘பழுது இருப்பதாகச் சந்தேகம் ஏற்பட்டால் இயந்திரத்தை உடனே நிறுத்தவும். மேற்கொண்டு இயக்க வேண்டாம். சேவை மையத்தை அழைக்கவும்.’ இந்த மூன்று வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதைத் திரும்பிப் படித்துப் பார்க்கக்கூட இல்லை.

பராமரிப்புப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ‘தூக்கு பட்டையை இத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும்’ என்று ஒரு வரி வேண்டும். எத்தனை மாதம் என்று பட்டையை வடிவமைத்த இன்ஜினியருக்கு எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கிணற்றில் போட்ட கல்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வரைவை எல்லோருக்கும் அனுப்பியாக வேண்டும். கையேடு எழுதுவதற்கு இவர்கள் வைத்திருக்கும் மென்பொருளோ, எண் கட்டம் காலியாக இருந்தால் பக்கத்தை மூடவே விடாது. சிவப்பாக மின்னிக்கொண்டு உயிரை வாங்கும். சரி தொலை என்று 24 என்று அடித்தேன். பக்கத்திலிருந்த குறிப்புப் பெட்டியில், ‘இது தற்காலிக எண். சரியான எண்ணை இன்ஜினியர் தரவும்’ என்று எழுதிவைத்தேன்.

ஏன் இருபத்து நான்கு? துணி துவைக்கும் இயந்திரத்துக்கு உத்தரவாதம் இருபத்து நான்கு மாதம். அடித்து அடித்து விரலுக்குப் பழகிப்போன எண். அதைத் தவிர வேறு சாஸ்திரம் எதுவும் இல்லை.

இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வரைவு ஏழு பேருக்குப் போகும். மூன்று வேலை நாட்களுக்குள் யாரும் மூச்சு விடாவிட்டால் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டதாக மென்பொருளே முத்திரை குத்திவிடும். முத்திரை விழுந்ததும் குறிப்புப் பெட்டிகள் எல்லாம் அழிந்துவிடும். பழைய இடத்தில் ஆள் ஆளாகத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்காமல் ஒரு காகிதம் அச்சகத்துக்குப் போகாது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு நான் இன்ஜினியரின் பதிலுக்காகக் காத்திருந்தேன். ஒரு புதன்கிழமை மதியம் என் மேஜை மேல் மூன்று புத்தகங்கள் இருந்தன, அச்சு மை வாசனையோடு. முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். ‘24 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும்.’ குறிப்பு இல்லை, கேள்வி இல்லை. வேதவாக்கு மாதிரி அச்சில் உட்கார்ந்திருந்தது.

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் ஓடினேன். நல்ல மனிதர், ஆனால் ஒரே நேரத்தில் நாலு திரையைப் பார்ப்பவர். பட்டை எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டேன். கையேட்டிலேயே இருக்குமே, பாருங்கள் என்றார் திரும்பாமலே. அந்தக் கையேட்டை எழுதியது நான்தான் சார் என்றேன். அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பரிசோதனைப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு பெரிய கோப்பைத் திறந்து காட்டினார். பட்டை இருபத்து நான்கு மாதத்துக்குச் சரிபார்க்கப்பட்டது என்று தெளிவாக எழுதியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். கையேட்டில் உள்ள எண்ணும் பெட்டியில் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்களாம். ஒன்றாக இருந்ததாம். சீட்டில் எண் எப்படி வந்தது என்று கேட்டேன். கையேட்டைப் பார்த்துத்தான் சீட்டு அடித்தோம் என்றார்.

கடைசியில் பட்டை தைத்துத் தரும் கம்பெனிக்கே போன் செய்தேன். உங்களுக்கு எத்தனை மாதம் என்று சான்றிதழ் வேண்டும், சொல்லுங்கள், அனுப்புகிறோம் என்றாள் அங்கே ஒரு பெண், தேனாக. அன்று செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் என் நாற்காலிதான்.

எங்கள் பிரிவின் தலைவருக்கு அலுவலகம் முழுக்க ‘பார்க்கலாம் சார்’ என்றுதான் பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். இப்போது போய் எண் தெரியவில்லை என்று எழுதினால் முதலில் கேட்கப்படும் கேள்வி, யார் போட்டது என்பதுதான், உங்களுக்கு இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார் என்று இப்போதும் நம்புகிறேன். அப்படியும் மனசு கேட்காமல் ஏழு பேருக்கும் ஆட்சேபம் எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மென்பொருளிலிருந்து பதில் வந்தது. யாரும் கருத்துச் சொல்லாததால் ஆட்சேபம் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறதாம். வரைவுக்கு யாரும் பேசாவிட்டால் சரி என்று அர்த்தம், ஆட்சேபத்துக்கு யாரும் பேசாவிட்டால் தப்பு என்று அர்த்தம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

அதே வாரம் இன்னொன்று நடந்தது. வீட்டில் நோயாளி இருக்கும் ஊழியர்களுக்கு முதல் தொகுதியிலிருந்து ஒரு இயந்திரம் கொடுப்பதாக அறிவித்தார்கள். உபயோகித்துப் பார்த்துக் குறை நிறை சொல்ல வேண்டும். நான் விண்ணப்பிக்கவே இல்லை. சேர்ந்த புதிதில், இப்படி ஒரு இயந்திரம் இருக்கிறது என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டபோது தம்பி விவரம் எல்லாம் கேட்டு வைத்திருந்தான். அவனே அலுவலகத்துக்குப் போன் செய்து என் பேரைச் சொல்லிப் பதிந்துவிட்டான். இயந்திரம் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தான். எனக்குத் தெரிந்து உலகத்தில் இப்படிப் படித்த ஒரே ஆள் அவன்தான். சில பக்கங்களை அம்மாவுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினான். இயந்திரத்துக்கு மேலே ஆணி அடித்துப் புத்தகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டான். பட்டையை எப்போது மாற்ற வேண்டும் என்று காலண்டரின் பின்பக்கத்தில் தேதி போட்டு வைத்தான்.

அன்றைக்கே அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். அந்த இருபத்து நான்கை நம்பாதே, மாதத்துக்கு ஒருமுறை வேறு பட்டை வாங்கிவிடலாம் என்றேன். சிரித்தான்.

“ஏன்க்கா, புத்தகத்துல தெளிவா போட்டிருக்கே.”

“நான்தான்டா போட்டேன். சும்மா போட்டேன்.”

“நீயா? காய்கறி வாங்கிட்டு வரச் சொன்னாகூட எத்தனை கிராம்னு எழுதித் தர்றவ நீ. நீ சும்மா போடுவியா?”

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. புது வேலையில் எனக்கு ஏதோ பயம், அதனால் உளறுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அம்மா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். வேறு பட்டை வாங்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தால் அதைத் தனியாக விற்பதில்லை. கையேட்டின்படி இருபத்து நான்கு மாதம் கழித்துத்தான் அனுப்புவார்களாம்.

நாளாக ஆக நானும் மறக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு காலையும் அப்பா பட்டையில் ஏறும்போது சமையலறையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். மோட்டார் சத்தம் நின்று, நாற்காலி கிறீச்சிடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தம்பியின் இடுப்பு தேறிவந்தது. ஒருநாள் அவன் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறுவதைப் பார்த்தேன். இந்தச் சனியன் பிடித்த எண் ஒருவேளை சரியாகவே இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

நாலு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் கடைக்குப் போயிருப்பதாகக் கீழே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சேவை மையத்தில் பதில் தெரியாத அழைப்புகளைக் கையேடு எழுதும் எங்கள் ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். விடுமுறை நாளில் அது புதிதாகச் சேர்ந்தவரின் செல்போனுக்கு வரும். அதாவது எனக்கு. போன் அடித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வணக்கம், ஆவணப் பிரிவு என்றேன்.

“வணக்கம் மேடம். எங்க வீட்டுல உங்க மெஷின் இருக்கு. அப்பாவைத் தூக்கினோம், பட்டையில தையல் பிரிஞ்சிருக்கிற மாதிரி தெரியுது. புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி உடனே நிறுத்திட்டேன். மேற்கொண்டு எதையும் தொடல. அடுத்து என்ன பண்ணணும்?”

வெளியாளிடம் பேசும்போது தம்பி இப்படித்தான் குரலைத் திருத்திக்கொள்வான். எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து விளங்கியது. நிறுத்தவும். மேற்கொண்டு இயக்க வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரம் அப்படியே நிற்கலாம், உள்ளே இருப்பது நாலு சட்டை. இங்கே நடுவில் தொங்குவது ஒரு மனிதர். எண்ணை நினைத்து நினைத்து நாலு மாதம் செத்த எனக்கு அந்த மூன்று வாக்கியங்கள் ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை.

“அப்பா எங்கடா இருக்காரு?”

“அக்கா? நீயா?”

“அப்பா எங்கடா?”

“மேலதான் இருக்காரு. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல. அம்மா காலைப் பிடிச்சிட்டிருக்கு.”

“எவ்வளவு நேரமா?”

“சேவை மையத்துல லைன் கிடைக்க இருபது நிமிஷம் ஆச்சு.”

இறக்கு, உடனே இறக்கு என்று கத்திக்கொண்டே படியில் ஓடினேன். போன் காதிலேயே இருந்தது. புத்தகத்தில் இயக்க வேண்டாம் என்று இருக்கிறதே, இறக்கும்போது பட்டை அறுந்தால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். இருபத்து நான்கு மாதம் தாங்கும் பட்டை நாலு மாதத்தில் பிரியாது, இது வெறும் மேல்நூல்தானே என்று கேட்டான். அவனுக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

“தெரியாதுடா” என்றேன். “எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.”

உள்ளே நுழைந்தேன். தம்பி ஒரு கையில் போனும் மறு கையில் பொத்தான் பெட்டியுமாக நின்றிருந்தான். அம்மா அப்பாவின் பாதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கீழே வெறும் தரை. அப்பாவின் முதுகுப் பக்கம் பட்டையின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் வாயைத் திறந்திருந்தது. கடைசியாகத் திறந்து வைத்த பக்கத்தோடு கையேடு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு வாயில் வார்த்தை அரைகுறையாகத்தான் வரும். என்னைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கொண்டுவந்தார்.

“நீ... எழுதினதா?”

“ஆமாப்பா.”

“எறக்கச் சொல்லுமா.”

தம்பி அப்போதும் அழுத்தவில்லை. அவன் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது, கண் புத்தகத்தின் மேல் இருந்தது. நான் பெட்டியைப் பிடுங்கினேன். கட்டில் மெத்தையை உருவி அப்பாவுக்கு அடியில் போடச் சொன்னேன். பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது. அப்பா மெல்ல மெல்ல இறங்கினார். நூல் டப்பென்று இன்னும் கொஞ்சம் பிரிந்த சத்தம் நாலு பேருக்கும் கேட்டது. மெத்தையில் அவர் முதுகு பட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவின் வேட்டி நனைந்திருந்தது. அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். இருக்கும்.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் புகார்ப் படிவத்தைத் திறந்தேன். எச்சரிக்கைப் பக்கத்தில் இருந்த அபத்தத்தை முழுசாக எழுதினேன். அடுத்த பக்கத்தில் ஒரு எண் கட்டம் இருந்தது. பட்டை எத்தனையாவது மாதத்தில் பழுதடைந்தது? 4 என்று அடித்தேன். இந்த விஷயத்தில் யாருக்காவது நிச்சயமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். கட்டம் சிவப்பானது. கையேட்டில் உள்ள ஆயுளுக்குக் குறைவான எண்ணை ஏற்க இயலாது, 24 அல்லது அதற்கு மேல் இடவும் என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி அதே சிவப்பு. பக்கத்தை மூடவும் விடவில்லை.

பார்க்கலாம் சாரிடம் போனேன். இந்தத் தடவை அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. தண்ணீர் கொடுத்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். பிறகு கேட்டார்.

“பட்டை அறுந்துச்சாம்மா?”

“அறுந்து போகல சார். ஆனா...”

“ஆளு முழுசா இறங்கிட்டாரு இல்ல? தையல் பிரிஞ்சும் தாங்கியிருக்கு பாருங்க.”

பரிசோதனைப் பிரிவிலிருந்து கோப்போடு அந்த மனிதரை வரவழைத்தார். அவர் எழுதினார்: வீட்டு உபயோகத்தில், அதிக எடையுள்ள நோயாளியுடன், இருபது நிமிடத்துக்கு மேல், தையல் பழுதான நிலையிலும் பட்டை தாங்கியது. கையேட்டில் உள்ள ஆயுள் திருப்திகரமானது. இத்தனை நாளாக அநாதையாக நின்ற என் எண்ணுக்கு முதல்முறையாக ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது. அந்த ஆதாரம் என் அப்பா. எச்சரிக்கைப் பக்கத்தை அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். சாட்சி என்று அச்சடித்த இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சோதனைக் காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. தம்பிக்கு இடுப்புச் சரியாகும்வரை வீடு ஓடுவது என் சம்பளத்தில்தான். போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது இயந்திரத்தை மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். அதன் நீண்ட கையில் அம்மா ஈரத் துணிகளைக் காயப் போட்டிருந்தாள். புத்தகம் மட்டும் ஆணியிலேயே இருந்தது. அப்பாவை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும் நேரம். தம்பி பழையபடி குனிந்து அவர் அக்குளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தான்.

“ஆபீஸ்ல சொன்னியாக்கா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“பார்க்கலாம்னாங்க” என்றேன்.

அவன் தலையாட்டினான். இன்னும் என்னை நம்புகிறான், அதுதான் தாங்கவில்லை. அம்மாவை நகரச் சொல்லிவிட்டு நான் அப்பாவின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினோம். பாதி வழியில் தம்பியின் இடுப்பில் ஏதோ கடக் என்றது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்றான்.